பெட்ரோலை மாற்றி நோயறிதல்

எஞ்சினிலிருந்து எழும் ஓசையைக் கேட்ட மாத்திரத்திலேயே அதன் உள்ளே நேர்ந்திருக்கும் கோளாறு இன்னதென்று சொல்லிவிடும் ஆற்றல், மோட்டார்த் தொழிலில் நெடுங்காலம் உழைத்தவர்களிடம் ஓரளவு உண்டு என்பதை நான் மறுப்பதற்கில்லை. ஆயினும், மேடேறும் கார் ஒன்றில் ஆக்ஸிலரேட்டரை ஆழ மிதித்தவுடன் கேட்கும் அந்தக் கூரிய உலோகத் தட்டல், பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை முறைதவறி எரிவதால் எழுந்ததாகவும் இருக்கலாம். கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்து ஒவ்வொரு சுழற்சியிலும் மோதுவதால் எழுந்ததாகவும் இருக்கலாம். புகைபோக்கிக் குழாய் வண்டியின் அடித்தட்டில் இடிப்பதால் எழுந்ததாகவும் இருக்கலாம். காது சில வேளைகளில் இம்மூன்றையும் ஒன்றாகவே கேட்கிறது. சிகிச்சையோ மூன்றுக்கும் வெவ்வேறு. இவற்றைப் பிரித்தறிய மெக்கானிக்குகள் கைக்கொள்ளும் உபாயங்களுள் மிக எளியதும், அதே சமயத்தில் மிகுதியாகத் தவறாகப் பொருள்கொள்ளப்படுவதும், ஆக்டேன் எண் உயர்ந்த பெட்ரோலை ஊற்றி ஓட்டிப் பார்ப்பதேயாகும்.

மாதவ நிதானம் முதலிய ஆயுர்வேத நூல்கள் நோயை அறிவதற்கு நிதானம், பூர்வரூபம், ரூபம், உபசயம், சம்பிராப்தி என ஐந்து வழிகளைக் கூறுகின்றன. இவற்றுள் உபசயம் என்பது, குறிகளைக் கொண்டு நோயைத் தீர்மானிக்க இயலாதபோது, ஒரு மருந்தையோ ஆகாரத்தையோ கொடுத்து, அதனால் உபாதை தணிகிறதா மிகுகிறதா என்று நோக்கி, அதிலிருந்து நோயின் தன்மையை அநுமானிக்கும் முறை. நாம் இங்கே ஆராயப்போகும் சோதனையும் அத்தகையதே. உயர்ந்த பெட்ரோல் எஞ்சினிடம் கேட்கப்படும் ஒரு கேள்வி; அதை மருந்தென்று எண்ணி, ஓசை நின்றவுடன் நோயும் நீங்கிற்று என்று திருப்தியடைந்துவிடுவதுதான் இத்துறையில் நான் காணும் பெரும்பிழை.

கேள்வியின் பொருள் விளங்க வேண்டுமானால், சிலிண்டருக்குள் ஒழுங்காக நிகழும் தகனம் எவ்வாறு நிகழ்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். பிஸ்டன் மேலேறி உச்சியை எட்டுவதற்குச் சற்று முன்னரே ஸ்பார்க் பிளக்கில் தீப்பொறி தோன்றுகிறது. அப்பொறியிலிருந்து புறப்படும் சுவாலை, பலர் நினைப்பது போல ஒரே கணத்தில் வெடித்துப் பரவாமல், ஓர் எல்லைக்கோடு நகர்வதைப் போலச் சீராகக் கலவையின் ஊடே முன்னேறுகிறது. அது முன்னேறும்போது, எரிந்து விரிந்த வாயு, இன்னும் எரியாமல் மூலையில் எஞ்சி நிற்கும் கலவையை நெருக்குகிறது. நெருக்கப்பட்ட கலவை மேலும் சூடேறுகிறது. சுவாலை தன்னிடம் வந்து சேரும்வரை அந்தக் கடைசிக் கலவை பொறுத்திருக்குமானால் யாவும் நலம். பொறுக்க மாட்டாமல் அது தானே பற்றிக்கொள்ளுமானால், எஞ்சியிருந்த அவ்வளவும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் எரிந்து, அந்த மூலையில் அமுக்கம் திடீரென்று உயர்ந்து, அமுக்க அலைகள் சிலிண்டரின் சுவர்களுக்கிடையே முன்னும் பின்னும் மோதுகின்றன. நாம் கேட்கும் நாக்கிங் அந்த அலைகளின் ஓசை. அதன் சுருதியைப் பெரும்பாலும் நிர்ணயிப்பவை சிலிண்டரின் அகலமும் வாயுவின் சூடும், 99.5 மில்லிமீட்டர் அகலமுள்ள சிலிண்டரில் அது ஏறத்தாழ 5.5 முதல் 6 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒலிக்கும், சிலிண்டர் குறுகினால் சுருதி உயரும். இந்த அலைகள், உலோகச் சுவரை ஒட்டி அதைக் காத்து நிற்கும் மெல்லிய வாயுப் படலத்தைக் கலைத்துவிடுவதால், பிஸ்டனின் தலை அளவுக்கு மீறிச் சூடாகிறது. நாளடைவில், கடுமையான நாக்கிங்கானால் சில நிமிஷங்களுக்குள்ளேயே, பிஸ்டன் வளையங்களைத் தாங்கும் விளிம்புகள் உடைகின்றன.

இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படும் வேறொரு விபரீதமும் உண்டு. சிவக்கக் காய்ந்த கரித்துணுக்கோ, பிளக்கின் முனையோ, தீப்பொறிக்கு முன்பே கலவையைப் பற்றவைத்துவிடுவது அது. இவ்விரண்டும் வேறென்று தெளிவாக எடுத்துக்காட்டியவர்களுள் இங்கிலாந்தைச் சேர்ந்த ஹாரி ரிக்கார்டோ முதன்மையானவர். ஓடிக்கொண்டிருக்கும்போதே அமுக்க விகிதத்தை மாற்றக்கூடிய ஓர் எஞ்சினை அமைத்து, எந்த எரிபொருள் எவ்வளவு நெருக்குதலைத் தாங்கும் என்று முறையாக அளந்த பெருமை அவருடையது. ஆக்டேன் எண் மிக உயர்ந்த மீதைல் ஆல்கஹால், சூடான பரப்பின்மேல் பட்டால் எளிதில் பற்றிக்கொள்ளும் இயல்புடையதாயிருப்பது ஒன்றே, இவ்விரு குணங்களும் ஒன்றல்ல என்பதற்குப் போதிய சான்று.

நாக்கிங்கின் வரலாற்றில் நம் பொருளுக்கு மிகவும் பயன்படும் நிகழ்ச்சி அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரில் நடந்தது. சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய பாட்டரி இக்னிஷனும் ஸெல்ஃப் ஸ்டார்ட்டரும் 1912-ஆம் வருஷத்துக் காடிலாக் கார்களில் இடம்பெற்ற பிறகு, எஞ்சின் தட்டும்போதெல்லாம் பழி அந்தப் புதிய இக்னிஷன்மீதே விழுந்தது. தாமஸ் மிட்ஜ்லி என்ற இளம் பொறியியலாளரிடம் கெட்டரிங் 1916-ஆம் ஆண்டில் இந்த விஷயத்தை ஒப்படைத்தார். சிலிண்டருக்குள் அமுக்கம் ஏறி இறங்குவதைப் படமாகப் பதிவு செய்யும் கருவி ஒன்றைக்கொண்டு மிட்ஜ்லி கண்டது, தட்டல் தீப்பொறியின்போது நிகழ்வதன்று, அதற்குப் பிறகு எரியும் கட்டத்தில் நிகழ்வது என்பது. எரிபொருளாக ஊற்றிய மண்ணெண்ணெய் பெட்ரோலைவிட அதிகமாகத் தட்டியது. அது வேகமாக ஆவியாகாததுதான் காரணம் என்று எண்ணிய அவ்விருவரும், பனிக்காலம் கழியுமுன்னரே பூக்கும் ஒரு சிறு செடியின் இலைகள் அடிப்புறம் செந்நிறமாக இருப்பதை நினைவுகூர்ந்து, செந்நிறம் வெப்பத்தை ஈர்க்குமாதலால் மண்ணெண்ணெயையும் சிவப்பாக்கினால் அது விரைவில் ஆவியாகும் என்று கருதினார்கள். கைக்குக் கிடைத்த சாயம் அயோடின். அதைக் கரைத்து ஊற்றினார்கள், தட்டல் நின்றது!

அத்துடன் விஷயத்தை முடித்திருந்தால், நிறத்தால் நாக்கிங் தீரும் என்ற பொய்யான சாஸ்திரம் ஒன்று உலகில் நிலைபெற்றிருக்கும். மிட்ஜ்லி அவ்வாறு முடிக்கவில்லை. அயோடின் கலவாத வேறு சிவப்புச் சாயங்களைக் கரைத்துப் பார்த்தார், தட்டல் நிற்கவில்லை. நிறமற்ற அயோடின் சேர்மத்தைச் சேர்த்துப் பார்த்தார், நின்றது. ஆக, நிறம் காரணமன்று, இரசாயனமே காரணம் என்று தெளிந்தது. மருந்து பலித்தது, ஆனால் மருந்து கொடுத்ததற்குச் சொன்ன காரணம் முழுவதும் தவறு. இந்த வழியே நெடுந்தூரம் சென்ற தேடல் 1921-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி டெட்ராஎதில் ஈயத்தில் போய் நின்றதும், அந்த ஈயம் தலைமுறைகளின் இரத்தத்தில் கலந்து, குழந்தைகளின் மூளையைக் கெடுத்து, 2021-இல்தான் உலகின் கடைசி பெட்ரோல் பங்கிலிருந்து விலகியதும், நாகரிகத்தின் வரலாற்றில் ஆழ்ந்த வருத்தத்துக்குரிய பக்கங்கள். அவற்றைத் தனியே ஓர் அத்தியாயத்தில் சொல்வதே தகும்.

ஆக்டேன் என்ற அளவுகோலை 1926-ஆம் ஆண்டளவில் வகுத்தவர் கிரகாம் எட்கர். நார்மல் ஹெப்டேனுக்கு 0 என்றும் ஐஸோ ஆக்டேனுக்கு 100 என்றும் வைத்து, ஒரு பெட்ரோல் எந்த விகிதக் கலவையைப் போலத் தட்டுகிறதோ அந்த விகிதத்தையே அதன் எண்ணாகக் கொண்டார். இந்த இரண்டு சேர்மங்களும் இவ்வாறு வேறுபடுவதற்குக் காரணம் அவற்றின் அணு அமைப்பில் அழகாகப் புலப்படுகிறது. ஹெப்டேன் நேர்ச்சங்கிலி, அதன் 16 ஹைட்ரஜன் அணுக்களுள் 10 சங்கிலியின் நடுவே, எளிதில் பிடுங்கத்தக்க இடங்களில் இருக்கின்றன. ஐஸோ ஆக்டேனோ கிளைத்த உருவம். அதன் 18 ஹைட்ரஜன்களுள் 15 கிளைகளின் நுனியிலுள்ள மீதைல் தொகுதிகளில் இறுகப் பிணைந்துள்ளன. தானே பற்றிக்கொள்ளும் தொடர்வினை முதலில் ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கித் தொடங்கவேண்டியிருப்பதால், முன்னது விரைவில் தளர்கிறது, பின்னது நின்று தாங்குகிறது. ஆக்டேன் எண் பெட்ரோலின் சக்தியை அளப்பதன்று. அதன் பொறுமையை அளப்பது. உயர்ந்த ஆக்டேன் உடைய எத்தனால், ஒரு லிட்டருக்குப் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்த சக்தியையே தருகிறது என்பதைக் கண்டாலே இது விளங்கும்.

அளக்கும் முறைகள் இரண்டு. ரிசர்ச் முறையில் சோதனை எஞ்சின் நிமிஷத்துக்கு 600 சுற்றிலும், மோட்டார் முறையில் 900 சுற்றில் சூடேற்றிய கலவையோடும் ஓடுகிறது. பின்னது கடுமையானதாகையால் எண் குறைவாக வரும். இந்தியா, ஐரோப்பா, ஜப்பான் முதலிய இடங்களின் பங்குகளில் ரிசர்ச் எண் எழுதப்படுகிறது. அமெரிக்கப் பங்குகளிலோ இரண்டின் சராசரி. இதை மறந்து ஜப்பானிய 100-ஐயும் கலிபோர்னிய 91-ஐயும் நேராக ஒப்பிட்டு ஏமாறுவோர் பலர். கலிபோர்னியாவில் சாதாரணமாகக் கிடைக்கும் மிக உயர்ந்த பெட்ரோலின் 91, ரிசர்ச் அளவில் 95 அல்லது 96-க்குச் சமம். வித்தியாசம் 9 அன்று என்பது உண்மை. ஆனால் எஞ்சியிருக்கும் 4 அல்லது 5 எண்கள் ஒரு டர்போ எஞ்சினின் வாழ்வுக்கும் சாவுக்கும் இடையே நிற்கப் போதுமானவை.

சோதனைக்கு உதாரணமாக அந்தக் கலிபோர்னியாவிலேயே ஓடும் ஒரு காரை எடுத்துக்கொள்வோம்: 2004-ஆம் ஆண்டு மாடலாக அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூ.ஆர்.எக்ஸ். எஸ்.டி.ஐ. ஜப்பானில் இதே காருக்கு 2 லிட்டர் எஞ்சின், அமெரிக்காவுக்கு 2.5 லிட்டர், நான்கு சிலிண்டர்கள் பக்கத்துக்கு இரண்டாகப் படுத்த அமைப்பு. சிலிண்டர் அகலம் 92 மில்லிமீட்டரிலிருந்து 99.5 ஆகும்போது சுவாலை கடக்கவேண்டிய தூரமும் கூடுகிறது; கடைசிக் கலவை அவ்வளவு நேரம் அதிகமாகப் பொறுத்திருக்க வேண்டும். இத்தகைய கார்களை வாங்கியவர்கள் வாளாவிருப்பதில்லை. அகலமான காற்றுக் குழாய், தடையற்ற புகைபோக்கி, புதிதாக எழுதப்பட்ட டியூனிங் எனப் பலவற்றை மாற்றுகிறார்கள். பிறகு ஒரு நாள் நாக்கிங் தொடங்குகிறது, அல்லது தொடங்கியதாக எஞ்சினின் கம்ப்யூட்டர் அறிவிக்கிறது.

ஏனெனில் இக்காலத்து எஞ்சினில் காது கேட்பதற்கு முன்பே கேட்டுவிடும் ஒரு செவி உண்டு. எஞ்சின் பிளாக்கின்மேல் திருகப்பட்ட நாக் சென்ஸரின் உள்ளே இருக்கும் பீஸோ படிகம், அதிர்வை மின்சாரமாக மாற்றி கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறது. கம்ப்யூட்டர் நாக்கிங் நிகழக்கூடிய கணநேரத்தில் மட்டும் அதைக் கூர்ந்து கேட்டு, ஐயம் தோன்றினால் தீப்பொறியைச் சில பாகை தாமதப்படுத்துகிறது. சுபாருவின் கம்ப்யூட்டர் இன்னும் ஒரு படி மேலே சென்று, எந்தச் சுற்றில், எந்த பாரத்தில் தட்டல் வந்தது என்பதைப் பதிந்துகொண்டு, பெட்ரோலின் தரத்தைப் பற்றித் தன் ஒட்டுமொத்த நம்பிக்கையை ஓர் எண்ணாக வைத்திருக்கிறது. 1 என்றால் முழு நம்பிக்கை, தட்டல் மிகுந்தால் அது குறையும். ஆகையால் உரிமையாளர் ஓசை ஏதும் கேளாமலே, கார் மந்தமாக இழுப்பதை மட்டும் உணரக்கூடும். ஆனால் அந்தச் செவியும் ஏமாறும். நாக்கிங்கின் சுருதிக்கு அருகே அதிரும் எதுவும் அதற்கு நாக்கிங்காகவே தோன்றும்: கெட்டியான ரப்பரில் மாற்றிய எஞ்சின் மவுண்ட், அடித்தட்டைத் தொடும் புதிய புகைக் குழாய், அதிக இடைவெளியோடு பொருத்தப்பட்டுக் குளிர்ந்த நிலையில் சுவரில் அறையும் ஃபோர்ஜ்டு பிஸ்டன். மாற்றியமைத்த கார்களில் இவை சாதாரணம். அதனாலேயே பெட்ரோல் சோதனை அங்கே மிகுந்த மதிப்புப் பெறுகிறது.

சோதனைக்கு முன்பு ஒரு கடமை உண்டு, அதை நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். எஞ்சின் ஆயிலை ஒரு வெள்ளைத் துணியில் விட்டு வெயிலில் பார்க்க வேண்டும். மின்னும் உலோகத் துகள் காணப்பட்டால் பேரிங் தேய்கிறது என்று பொருள். அந்நிலையில் முழு பாரத்தில் ஓட்டிச் சோதிப்பது எஞ்சினைக் கொல்வதற்குச் சமம். துகள் இல்லையென்றால் மேலே செல்லலாம்.

டாங்கியில் இருப்பது ஏறக்குறைய தீரும்வரை ஓட்டிய பிறகே புதிய பெட்ரோலை நிரப்ப வேண்டும். 60 லிட்டர் டாங்கியில் 15 லிட்டர் பழைய 91 நிற்க, 45 லிட்டர் 100 ஊற்றினால் கிடைப்பது சுமார் 97.75 தான். கலிபோர்னியாவில் சில பங்குகளில் ஈயமற்ற 100 கிடைக்கிறது; அதுவே தக்கது. பந்தயத்துக்கென விற்கப்படும் ஈயம் கலந்த எரிபொருள் ஆக்ஸிஜன் சென்ஸரையும் புகை சுத்திகரிப்பானையும் நாசமாக்கும். கடையில் விற்கும் சிறு பாட்டில் திரவங்கள் '30 புள்ளி உயரும்' என்று விளம்பரம் செய்தால், அங்கே ஒரு புள்ளி என்பது ஆக்டேனில் பத்தில் ஒரு பங்கு என்பதை அறிக. இவற்றையெல்லாம்விட ஆபத்தானது, எத்தனால் மிகுந்த இ85-ஐ அதற்கென டியூன் செய்யாத காரில் ஊற்றுவது. பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று போதுமான இடத்தில் எத்தனாலுக்கு 9 பங்கே போதும் என்பதால், அதே அளவு பீய்ச்சினால் கலவை வறண்டுபோகும். ஒரு கேள்வி கேட்கும்போது ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பது விஞ்ஞானத்தின் முதல் நியதி. இ85 ஒரே சமயத்தில் இரண்டை மாற்றிவிடுகிறது.

பெட்ரோலை மாற்றிய பிறகு கம்ப்யூட்டர் பழகிவைத்திருக்கும் நினைவுகளை அழித்து, அது தன் நம்பிக்கையை மீட்டுக்கொள்ளும்வரை சாதாரணமாக ஓட்ட வேண்டும். அதன்பின், பொதுச்சாலையில் அன்றி டைனமோமீட்டர் உருளையின் மேலோ மூடிய ஓடுகளத்திலோ, முன்பு தட்டிய அதே கியரில், அதே சுற்றிலிருந்து, ஏறக்குறைய அதே காற்றுச் சூட்டில் இழுத்து, தீப்பொறி எவ்வளவு தாமதப்படுத்தப்படுகிறது என்பதைப் பதிவு செய்ய வேண்டும். நடுப்பகலில் பழைய பெட்ரோலும் நள்ளிரவில் புதிய பெட்ரோலுமாகச் சோதித்தால், பதில் சொல்வது பெட்ரோலா குளிர்காற்றா என்று யாரும் அறியார். ஒரே ஓட்டமும் போதாது. எந்த எஞ்சினிலும் ஒரு தகனம் மற்றொன்றைப் போலிருப்பதில்லை, ஆகையால் எப்போதோ ஒரு முறை தோன்றும் சிறு தாமதத்தைவிட, அதே இடத்தில் திரும்பத் திரும்பத் தோன்றும் தாமதமே கவனிக்கத்தக்கது.

தட்டல் சிறிதும் மாறாமல் அதே சுற்றில் நின்றால், அது தகனத்தைச் சேர்ந்ததன்று என்று பெரும்பாலும் கொள்ளலாம். குழாய்களையும் மவுண்ட்களையும் சென்ஸரின் இறுக்கத்தையும் தேடிச் செல்ல வேண்டியதுதான். காய்ந்த பிளக் முனையின் சந்தேகம் மட்டும் இங்கே மிஞ்சும், ஏனெனில் மேலே கண்டபடி அந்த நோய்க்கு ஆக்டேன் விடையன்று. ஒரு படி குளிர்ந்த ரகப் பிளக்கை மாட்டிப் பார்த்தால் அதுவும் தெளியும். டர்போவோடு பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் பிற்காலத்து எஞ்சின்களில், தாழ்ந்த சுற்றில் பேரிடியாக வரும் முன்பற்றுதலும் இவ்வாறே. அதற்கு எஞ்சின் ஆயிலின் சேர்க்கைப் பொருள்களை மாற்றியே பரிகாரம் கண்டார்கள்.

தட்டல் நீங்கிவிட்டால் அது நாக்கிங்தான். ஆனால் உண்மையான விசாரணை அங்கேதான் ஆரம்பமாகிறது, ஏனெனில் கடைசிக் கலவையைப் பொறுமையிழக்கச் செய்யும் காரணங்கள் பல, உயர்ந்த ஆக்டேன் அவை அனைத்தையும் ஒருங்கே மறைக்கும். நம் எஸ்.டி.ஐ.யில் முதலில் ஐயுறவேண்டியது அந்த அகலமான காற்றுக் குழாய். உள்ளே செல்லும் காற்றை அளக்கும் சென்ஸர் அக்குழாயினுள் நிற்கிறது. குழாய் அகன்றால் அதே அளவு காற்று மெதுவாகச் செல்லும். சென்ஸர் குறைவாக அளக்கும். கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைப்பதோடு, பாரம் குறைவென்று நம்பித் தீப்பொறியையும் முன்தள்ளிவிடும். ஒரு குழாய் இரண்டு தவறுகளை ஒரே திசையில் விளைவிக்கிறது. அடுத்தது தடையற்ற புகைபோக்கி: அதனால் டர்போ விரைந்து சுழல, உபரி வாயுவை ஒதுக்கிவிடும் வேஸ்ட்கேட்டின் சிறு துளை போதாமல், காற்றழுத்தம் நினைத்ததைவிட மேலே ஊர்ந்து ஏறுகிறது. மூன்றாவது, படுத்த சிலிண்டர் எஞ்சின்களில் அதிகம் காணப்படும் ஆயில் ஆவி. கிராங்க்கேஸிலிருந்து காற்றோட்டக் குழாய் வழியாக உட்புகும் ஆயிலின் நேர்ச்சங்கிலிகள் கலவையின் ஆக்டேனைத் தாமே தாழ்த்துகின்றன. தளர்ந்த பெட்ரோல் பம்பு, சூடேறிய இண்டர்கூலர், படிந்த கரி ஆகியவற்றையும், ஜப்பானிய 100-ஐ மனத்தில்கொண்டு எழுதிய டியூனிங்கை அப்படியே இங்கே ஏற்றியிருப்பதையும் இந்த வரிசையில் சேர்க்கலாம்.

இவற்றைப் பிரிக்க, தட்டல் எந்த நிலையில் வந்தது என்ற பதிவே வழிகாட்டி. உயர்ந்த சுற்றில், கலவை வறண்டுகொண்டே போகும்போது மட்டும் வந்தால் பம்பையும், அழுத்தம் ஊர்ந்தேறும்போது வந்தால் வேஸ்ட்கேட்டையும், அடுத்தடுத்த ஓட்டங்களில் வரவர மோசமானால் இண்டர்கூலரையும், எல்லாப் பாரங்களிலும் பரவலாக வந்தால் காற்று சென்ஸரையும் முதலில் நோக்க வேண்டும். கோளாறு இன்னதென்று தோன்றியதும் அதைத் திருத்தும்முன் மறுபடியும் 91-ஐ ஊற்றி, தட்டல் அதே இடத்தில் திரும்பி வருகிறதா என்று பார்ப்பது அவசியம். வராவிட்டால் இடையில் வேறேதோ மாறியிருக்கிறது. வந்தால், ஐயுற்ற அந்த ஒன்றை மட்டும் திருத்தி, 91-ஐ மாற்றாமலே மீண்டும் இழுத்துப் பார்க்க வேண்டும். மிட்ஜ்லி சாயத்தையும் அயோடினையும் பிரித்துக் கண்டதும் இந்த முறையில்தான். அந்த ஓட்டத்திலும் தீப்பொறி தாமதப்படாமல், கம்ப்யூட்டரின் நம்பிக்கை எண் 1-இலேயே நிலைத்து நின்றால், 100 ஆக்டேன் பெட்ரோலுக்கு அந்தக் காரில் இனி வேலையில்லை.